மோட்டார்க் கொட்டகையில் கணப்பு

குளிர் நாடுகளில் மனிதர் தங்கும் அறைகளுக்கு மட்டுமல்லாமல், மோட்டார் வண்டி நிற்கும் கொட்டகைக்கும் கணப்பு வைக்கிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் வண்டிக் கொட்டகை என்றால் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கூரை, அவ்வளவுதான். வண்டி குளிர்காய நெருப்பு எதற்கு என்று நினைத்தேன். 1996ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. அந்தக் கொட்டகையிலே நானும் என் தம்பியும் ஓர் இரவு உயிரை விட்டிருக்கக்கூடும் என்று மறுநாள் அறிந்தபோது, கொட்டகைக் கணப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் எண்ணமும் உண்டாயிற்று. அந்தத் தேட்டத்தில் கண்டவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வின்னிபெக், கனடாவின் நடுவே, கடற்காற்று எட்டாத பரந்த சமவெளியில் அமைந்த நகரம். அங்கே ஜனவரி மாதத்து இரவில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவது வழக்கம். 30 டிகிரி வரை இறங்கும் இரவுகளும் உண்டு. என் தம்பியின் கொட்டகை வீட்டின் பின்புறம் தனியாக நின்றது. 24 அடி நீளம், 24 அடி அகலம், 10 அடி உயரம். இரண்டு கார்கள் நிற்கலாம். ஒரு பாதியில் அவனுடைய கார் நின்றது. மறு பாதியில் தச்சு மேசை, உளி, இழைப்புளி, ரம்பம் முதலியவை இருந்தன. பகலெல்லாம் காரியாலயத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரவில் மரவேலை ஒரு பொழுதுபோக்கு.

ஓர் இரவு, கால் ஒடிந்த நாற்காலி ஒன்றைப் பழுது பார்க்க இருவரும் கொட்டகைக்குச் சென்றோம். தம்பி அந்த வாரம்தான் ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு வாங்கியிருந்தான். புகைபோக்கி வேண்டாத வகை. காற்று புகாதிருக்கப் பெரிய கதவின் அடியில் சாக்குத் துணியைத் திணித்து வைத்திருந்தான். காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியபோது, கதவு மூடிய பின்பும் சற்று நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் வேலை செய்திருப்போம். எனக்குத் தலை கனத்தது. தம்பி உளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, தலையை வலிக்கிறது, காய்ச்சல் வரும் போலிருக்கிறது" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தான். "எனக்கும் அப்படித்தான், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும். கணப்பை இன்னும் கொஞ்சம் தூண்டிவிடு" என்றேன் நான். இதை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. நல்ல வேளையாகச் சாப்பாட்டுக்கு அழைக்க வந்த தம்பியின் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். வெளிக்காற்று உள்ளே வந்தது. வீட்டுக்கு நடந்து போவதற்குள் தலைக்கனம் பாதி குறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ரயில்வேப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். மறுநாள் அவரிடம் தம்பி இதைச் சொன்னான். அவர் கொட்டகைக்கு வந்து சுற்றிலும் பார்த்தார். பிறகு எங்களை மூன்று கேள்விகள் கேட்டார். "புகை எங்கே போயிற்று?" என்பது முதற்கேள்வி. "நெருப்புக்கும் பெட்ரோலுக்கும் இடையே எத்தனை அடி?" என்பது இரண்டாவது. "உள்ளே உண்டாக்கிய சூடு எந்த வழியாக வெளியே போகிறது?" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் எங்களிடம் விடை இல்லை. கணப்பு எத்தனை பெரியது, என்ன விலை என்பவற்றை மட்டுமே நாங்கள் பார்த்திருந்தோம். அந்த மூன்று கேள்விகளையும் பின்பற்றித்தான் நான் பழைய நூல்களைப் புரட்டினேன்.

முதலில், கொட்டகைக்குக் கணப்பு வேண்டுமென்று மனிதனுக்கு ஏன் தோன்றியது என்பதைப் பார்ப்போம். குதிரை வண்டிக் காலத்தில் இந்தத் தேவை இல்லை. வண்டிக்கு உயிர் இல்லை. குதிரைக்கோ தன் உடற்சூடே கணப்பு. வைக்கோலும் கெட்டியான கதவும் இருந்தால் லாயம் குளிர்காலத்தைத் தாங்கிவிடும். 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் செய்தார். அவ்வகை வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் தேவை. அந்தத் தண்ணீரே குளிர் நாட்டில் பகையாயிற்று. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. எஞ்சினுக்குள் நின்ற நீர் ஓர் இரவில் உறைந்தால், கனமான வார்ப்பிரும்பும் பிளந்துபோகும். அதோடு, மசகெண்ணெய் குளிரில் பாகுபோல் இறுகிவிடும். கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருந்த அந்நாளைய எஞ்சினை அசைப்பதே பெரும்பாடு.

செல்வர்கள் இதற்கு வழி கண்டார்கள். குதிரை லாயம் இருந்த இடத்தில் மோட்டார்க் கொட்டகை கட்டி, அதைச் சூடாக வைத்தார்கள். ஆனால் 1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வண்டி வந்தது. 1927ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. குடியானவனும் தொழிலாளியும் கார் வைத்துக்கொண்டார்கள். சூடான கொட்டகை கட்ட அவர்களுக்கு வசதி இல்லை. எனவே இரவில் ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றினார்கள். சிலர் குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கட்டைகளின்மேல் தூக்கி நிறுத்திவிட்டு, வசந்தம் வரும்வரை அதைத் தொடவே மாட்டார்கள். தண்ணீரில் சாராயம் கலந்து உறையாமல் தடுத்தவர்களும் உண்டு; ஆனால் எஞ்சின் சூடேறியதும் அந்தச் சாராயம் ஆவியாகிப் போய்விடும்.

இந்தத் தொல்லைக்கு விடை ஏற்கெனவே இருந்தது. எதற்கு விடை என்பதுதான் தெரியாதிருந்தது. வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1850களிலேயே எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தை உண்டாக்கியிருந்தார். சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, 1920களின் பிற்பகுதியில், அது உறைவு தடுக்கும் திரவமாகக் கடைகளுக்கு வந்தது. எளிதில் ஆவியாகாது, தண்ணீரோடு கலந்தால் கடுங்குளிரிலும் உறையாது. பின்னர், வின்னிபெக்கிற்குத் தெற்கே, அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், எஞ்சினிலேயே பொருத்தத்தக்க சிறு மின்சாரச் சூடேற்றியை அமைத்து, 1949ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் வின்னிபெக்கில் கார் நிறுத்தும் இடங்களில் வரிசையாக மின்சார இணைப்புக் கம்பங்கள் நிற்பதைக் காணலாம். மாலையில் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவதுபோல, ஒவ்வொரு காரையும் அக்கம்பத்தோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டுப் போகிறார்கள்.

இவ்வாறு வண்டிக்குக் கணப்பு வேண்டாமற் போயிற்று. ஆயினும் கொட்டகைக் கணப்பு மறையவில்லை. வண்டியைக் காக்க எழுந்த கட்டடத்தில் மனிதன் தன் பட்டறையை வைத்துக்கொண்டான். மரவேலை செய்பவன், பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவன், படகுக்கு வர்ணம் அடிப்பவன் ஆகியோருக்கு, ஆறு மாதக் குளிர்காலத்தில் பெரிய இடம் அது ஒன்றுதான். விரல் விறைத்தால் உளி வழுக்கும், பசை ஒட்டாது, வர்ணம் காயாது. இப்போது கணப்பு வேண்டியவன் மனிதன். அவனோடு பெட்ரோல் நிரம்பிய வண்டியும் அதே கூரையின்கீழ் நிற்கிறது. அங்கேதான் முதியவரின் கேள்விகள் தொடங்குகின்றன.

நெருப்புக்கும் பெட்ரோலுக்கும் உள்ள தூரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல் பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிட வல்லது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலே எழாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். தரையில் ஒரு சுடர் இருந்தால் அதைத் தேடிப் போய்ச் சேரும். எரியக்கூடிய வாயு சூழ்ந்த இடத்தில் நெருப்பை எப்படி வைத்துக்கொள்வது என்ற இந்தச் சிக்கல் மோட்டார் பிறப்பதற்கு முன்பே நிலக்கரிச் சுரங்கங்களில் எழுந்தது. 1812ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். அவர்களுள் பலர் சிறுவர். அந்தக் காலத்துத் துயரங்களால் தூண்டப்பட்டே, 1815ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி தம் காப்பு விளக்கை அமைத்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை. வலையின் உலோகம் சுடரின் சூட்டை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், வெளியே உள்ள வாயு பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை. நெருப்பை அணைக்காமலே அதை வாயுவிலிருந்து பிரித்து வைக்கலாம் என்று உலகம் அன்று கற்றுக்கொண்டது.

பழைய மோட்டார்க் கொட்டகைகளை நல்லபடி கட்டியவர்கள் இதையே வேறு வழியில் செய்தார்கள். நிலக்கரி அடுப்பை அடுத்த அறையில் வைத்து, வெந்நீரையோ நீராவியையோ குழாய்வழியே கொட்டகைக்கு அனுப்பினார்கள். சூடு உள்ளே வந்தது. நெருப்பு வெளியே நின்றது. இன்று அமெரிக்க நாட்டுக் கட்டட விதிகளில், கொட்டகையில் தீப்பொறி எழுப்பக்கூடிய சாதனம் எதுவும் தரைக்கு 18 அங்குலத்திற்குக் கீழே இருக்கலாகாது என்ற ஒரு கட்டளை உண்டு. தவழும் ஆவியின் உயரத்தை எண்ணி வகுத்த கட்டளை அது. எங்கள் மண்ணெண்ணெய்க் கணப்பு தரையிலேதான் இருந்தது. அதிலிருந்து ஆறடி தூரத்தில் காரின் பெட்ரோல் தொட்டி.

அடுத்தது, புகை எங்கே போயிற்று என்ற கேள்வி. இதுவும் சுரங்கத்திலிருந்தே வந்தது. வெடிக்கு அகப்படாதவர்களும் சுரங்கத்தில் ஏன் இறக்கிறார்கள் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1850களில் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு உடலியல் மேதை, கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு குருதியைப் பற்றிக்கொள்வதால் பிராணவாயுவுக்கு அங்கே இடமில்லாமற் போகிறது என்று காட்டினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் ஒரு படி துணிந்தார். அந்த வாயுவை அளந்து தாமே சுவாசித்து, தம் உடலில் தோன்றும் மாறுதல்களைக் குறித்து, 1895ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டே, சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவருள் மிகப் பெரும்பாலோர் தீயால் அல்ல, இந்த வாயுவாலேயே இறந்தனர் என்றும் நிறுவினார். சிறு பிராணிகள் மனிதனுக்கு முன்பே மயங்கிவிழும் என்று அவர் கண்டதனால், கூண்டில் ஒரு கானரிப் பறவையோடு சுரங்கத்தில் இறங்கும் வழக்கம் பரவியது. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டில்தான் மின்கருவிகள் அந்தப் பறவைக்கு ஓய்வு அளித்தன.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் கமறலும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்கிறது. எனவே காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசித்தால் குருதியில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி உணர்ச்சி, சோர்வு, பிறகு தூக்கம். காய்ச்சல் போலும், குளிர் போலும் என்றெல்லாம் நோயாளியே காரணம் சொல்லிக்கொள்வான். கணப்பைத் தூண்டிவிடச் சொன்ன நானும் அவ்வாறுதான் சொன்னேன்.

மோட்டார் வண்டி பெருகியபோது இந்தச் சுரங்க வாயு நகரத்துக் கொட்டகைக்குள்ளும் வந்து சேர்ந்தது. எஞ்சின் புகையில் அது ஏராளமாக இருந்தது. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் அடியே மோட்டார் வண்டிகளுக்கென்று ஹாலண்ட் சுரங்கப்பாதையை அமைத்தபோது, எவ்வளவு காற்றை உள்ளே செலுத்தினால் மனிதர் பிழைப்பர் என்று யேல் பல்கலைக்கழகத்து யாண்டல் ஹெண்டர்சன் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். 1927ஆம் ஆண்டில் அந்தப் பாதை திறக்கப்பட்டது. பெரிய மின்விசிறிகள் இரவும் பகலும் அதற்குள் காற்றை மாற்றிக்கொண்டிருந்தன. ஆனால் வீட்டுக் கொட்டகைக்கு அத்தகைய விசிறி ஏது? 1935ஆம் ஆண்டு டிசம்பரில், தெல்மா டாட் என்ற புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகை, ஒரு கொட்டகையில் தம் காருக்குள்ளே இறந்து கிடந்தார். கார்பன் மோனாக்ஸைடே சாவுக்குக் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. அந்த மரணத்தைப் பற்றிப் பலர் பலவாறு பேசினார்கள். குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டிருக்கலாம் என்பது அவற்றுள் ஒரு கருத்து. கலிபோர்னியாவின் இளங்குளிரிலேயே இத்தகைய ஐயத்துக்கு இடம் இருந்ததென்றால், வின்னிபெக்கின் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி, சூடு எங்கே போகிறது என்பது. இதற்கு விடை தேடியவர்களில் தலையாயவர் ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்ப்ஸன். அமெரிக்காவில் 1753ஆம் ஆண்டில் பிறந்து, ஐரோப்பாவில் வாழ்ந்தவர். போர்வீரருக்கு எந்தத் துணி வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஆராயப்போய், கம்பளியும் இறகும் சூட்டைக் காப்பது அவற்றினிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றினால்தான் என்று கண்டார். வெப்பத்தைப் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காக 1792ஆம் ஆண்டில் ராயல் சங்கம் அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. பின்னர் லண்டன் நகரத்துக் கணப்பு மாடங்களைப் பார்வையிட்டு, அவற்றில் எரியும் நிலக்கரியின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்கே போய்விடுகிறது என்று சொல்லி, மாடத்தின் ஆழத்தையும் வாயையும் குறுக்கிப் புதிய அமைப்பை வகுத்தார். கூடுதலாக எரிப்பதை விட்டு, இழப்பைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். இன்று சுவருக்குள் அடைக்கும் கண்ணாடி இழைப் பஞ்சும் ரம்ஃபோர்டு கண்ட அந்த அசையாத காற்றைச் சிறைப்படுத்தும் கருவியே.

முதியவர் சொற்படி நானும் தம்பியும் ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வெளியே பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி. உள்ளே 15 டிகிரி வேண்டும். வித்தியாசம் 35 டிகிரி. பஞ்சு அடைக்காத பலகைச் சுவர், மெல்லிய கூரை, தகரக் கதவு, இடுக்குகளில் புகும் காற்று என்று அந்தக் கொட்டகை அப்போது இருந்த நிலையில், சூடு கசியும் வேகத்தை ஈடுசெய்ய ஏறத்தாழ 13 கிலோவாட் வேண்டும் என்று வந்தது. சுவரிலும் கூரையிலும் பஞ்சு அடைத்து, உட்பஞ்சு வைத்த கதவு மாட்டி, இடுக்குகளை மூடினால், அதே கொட்டகைக்கு மூன்றரைக் கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு! இது தோராயக் கணக்குதான்; ஆனாலும் எவ்வளவு பெரிய கணப்பு வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கேள்வியே தவறு என்பதை அது காட்டிவிட்டது. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றரைக் கிலோவாட் சிறு மின்கணப்பு, பஞ்சு அடைத்த பின்பும், அந்தக் கொட்டகையை வெளிக்குளிரைவிடப் பதினைந்து டிகிரிதான் உயர்த்தும். அதாவது உள்ளே அப்போதும் நீர் உறையும்.

இனி, கணப்புகளின் வகை. மண்ணெண்ணெய்க் கணப்பை நாங்கள் உடனே விலக்கினோம். புகை மட்டுமல்ல, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் ஆவியாய் அறையில் சேரும். அது குளிர்ந்த இரும்பின்மேல் படிந்து உளியையும் ரம்பத்தையும் துருப்பிடிக்கச் செய்யும். தம்பியின் கருவிகளில் அதன் அடையாளம் அதற்குள் தெரிந்தது. அடுத்தது, குழாய்வழியே வரும் இயற்கை வாயுவில் எரியும் கணப்பு. அதில் சிறந்த வகையில், எரிவதற்குரிய காற்றை வெளியிலிருந்து ஒரு குழாய் கொண்டுவருகிறது. புகையை இன்னொரு குழாய் வெளியே கொண்டுபோகிறது. கொட்டகைக் காற்றுக்கும் சுடருக்கும் இடையே உலோகச் சுவர் நிற்கிறது. டேவியின் விளக்கு இங்கே வேறு உருவில் மீண்டும் வருகிறது. எரிபொருள் மலிவாக உள்ள இடத்தில், நாள் முழுவதும் வேலை நடக்கும் பெரிய கொட்டகைக்கு அது பொருத்தமானது.

மின்சாரத்துக்குப் புகையே இல்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு சூட்டை எழுப்பும் என்ற விதியை 1841ஆம் ஆண்டில் ஜூல் கண்டார். ஆனால் செந்தணல் போல் சூடேறியும் காற்றில் கெட்டுப்போகாத கம்பி கிடைக்கும்வரை மின்கணப்பு நிலைக்கவில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த அத்தகைய கம்பிக்கு 1906ஆம் ஆண்டில் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். மின்கணப்பிலும் இருவகை உண்டு. ஒன்று காற்றைச் சூடாக்கி விசிறியால் பரப்புவது. மற்றொன்று கதிர் வீசுவது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகக் கண்ணாடி பிரித்த சூரிய ஒளியில் சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது, அது ஏறக் கண்டார். அந்த அகச்சிவப்புக் கதிரே இவ்வகைக் கணப்பின் சூடு. உயரமான கூரையும், அடிக்கடி திறக்கும் கதவும் உள்ள இடத்தில் இது நல்லது. ஏனெனில் காற்றைச் சூடாக்காமல் மேசையையும் ஆளையும் நேரே சூடாக்குகிறது. இக்காலத்தில், வெளிக்காற்றில் உள்ள சூட்டையே இறைத்து உள்ளே தள்ளும் பொறிகளும் பெருகிவிட்டன. அவை செலவிடும் மின்சாரத்தைவிடக் கூடுதலான சூட்டைத் தருபவை.

தம்பி அந்த வசந்தத்திலேயே சுவருக்கும் கூரைக்கும் பஞ்சு அடைத்தான், கதவை மாற்றினான். அதன் பின்னரே 240 வோல்டில் இயங்கும் ஐந்து கிலோவாட் மின்கணப்பு ஒன்றை வாங்கி, கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டினான். சாதாரணச் சுவர்த் துளையில் செருகக்கூடிய பொருளல்ல அது. 21 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுக்கும். மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுப்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளர் அதற்கென்று 30 ஆம்பியர் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தார்.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. நடத்தும் முறையும் உண்டு. 1883ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் மாநிலத்து ஆசிரியர் வாரன் ஜான்ஸன், வகுப்பறையின் சூட்டைத் தெரிவிக்கும் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் இரண்டு ஆண்டுகளில், மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், அறை குளிர்ந்தால் உலையின் காற்றுக்கதவைத் தானே திறந்துவிடும் கருவியை அமைத்தார். அவர்களுடைய வழித்தோன்றலான சிறு பெட்டி ஒன்று தம்பியின் கொட்டகைச் சுவரில் இருக்கிறது. வேலை இல்லாத நாட்களில் அதை 5 டிகிரியில் நிறுத்தியிருப்பான். 15 டிகிரியில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவில் ஏழில் ஐந்து பங்குதான் அதற்கு ஆகும்; வர்ணமும் பசையும் உறைவதில்லை. வேலைக்குச் செல்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உயர்த்தி வைப்பான். சிமெண்டுத் தரை சூடேறத் தாமதமாகும். காற்று சூடாக இருந்தும் கால் விறைப்பதற்கு அதுவே காரணம். கூரையருகே தேங்கும் வெப்பக் காற்றைக் கீழே தள்ள மெதுவாகச் சுழலும் விசிறி ஒன்று உண்டு. பெட்ரோல் கலங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டான். கதவு மூடியிருக்கும்போது எஞ்சினைக் கிளப்புவதில்லை என்பது அந்த வீட்டின் சட்டம்.

இவையெல்லாம் குளிர் நாட்டாரின் கவலை என்று நாம் கைகழுவிவிட முடியாது. கொடைக்கானலிலும் உதகையிலும், குளிருக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திராத செய்திகளை நம் பத்திரிகைகளிலும் படிக்கிறோம். அந்த அறைகளிலும் கார்பன் மோனாக்ஸைடு ஓசையின்றியே சேர்ந்திருக்கும். தலைவலியைக் குளிரின் மேல் ஏற்றிச் சொல்லியிருப்பார்கள். எங்களுக்குச் சமயத்தில் கதவைத் திறக்க ஒருத்தி வந்தாள். அவர்களுக்கு யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு முதியவரை அதன் பின்னர் நான் சந்திக்கவில்லை. நான் ஊர் திரும்பும் நாளில் விடைபெறச் சென்றபோது, தம்பியின் கொட்டகை மூலையில் பயனற்றுக் கிடந்த அந்த மண்ணெண்ணெய்க் கணப்பை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தம்பி அதன் திரியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கூட்டை மேசையருகே வைத்திருக்கிறான். மூடிய இடத்தில் நெருப்பு மூட்டும் எவரும், அது கொட்டகையாயினும் மலைநாட்டு விடுதியாயினும், முதலில் அந்த முதியவரின் முதற்கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: புகை எங்கே போகிறது? விடை தெரியாவிட்டால் அன்றிரவு இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பதே நலம்.